மாமாவின் இடது கால்

குவைத்திலிருந்து ஊர் திரும்புகிறவர்களை எங்கள் பக்கத்தில் தெருமுனையிலேயே கண்டுபிடித்துவிடலாம். சென்ட் வாசனை முன்னால் வரும், இரண்டு கேசட் போடுகிற டேப் ரெக்கார்டர் பின்னால் வரும். மாமா வந்தபோது இரண்டுமே இல்லை. ஒரு ரெக்சின் பை, அதில் நாலு துணி, பாஸ்போர்ட். 1990 ஆகஸ்டில் சதாம் உசேனின் படை குவைத்துக்குள் புகுந்தபோது, அங்கே ஓர் அரபி வீட்டில் டிரைவராக இருந்தவர் அவர். பஸ் மாறி பஸ் ஏறி ஜோர்டானில் அம்மான் வரை வந்து, அங்கே கூடாரத்தில் கிடந்து, ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய் வந்து இறங்கியிருக்கிறார். அந்த இரண்டு மாதத்தில் அப்படி ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேருக்கு மேல் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்று பிறகு படித்தேன். எங்களுக்கு அப்போது அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. வந்தவர் உயிரோடு வந்தாரே என்று அம்மாச்சி வாசலில் சூடம் கொளுத்திச் சுற்றிப் போட்டாள்.

சாமான் எதுவும் கொண்டுவராத மாமா ஒரு கருத்தைக் கொண்டுவந்திருந்தார். கியர் போடுவது டிரைவரின் வேலை அல்ல என்பதுதான் அது.

எனக்கு அப்போது ஒன்பது பத்து வயது. ஆலங்குடிக்குப் பக்கத்துக் கிராமம். ராத்திரி சாப்பாடு முடிந்து திண்ணையில் பாய் விரித்தால் மாமா குவைத்துக்குப் போய்விடுவார். சண்டையைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். காரைப் பற்றிக் கேட்டால் மட்டும் விடிய விடியப் பேசுவார். செவ்ரோலே கேப்ரிஸ். எட்டு சிலிண்டர். நம் அம்பாசிடரை அதன் பக்கத்தில் நிறுத்தினால் கன்றுக்குட்டி மாதிரி இருக்குமாம். ஸ்டீயரிங் இடது பக்கம். அதற்கு வலப்பக்கத்தில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், அதில் பி, ஆர், என், டி என்று எழுத்துகள்.

“ஸ்டார்ட் பண்ணு. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே கம்பியை டி-க்கு இழு. பிரேக்கை விடு. அம்புட்டுத்தான் மாப்ளே. ஆக்ஸிலேட்டர தொடாமலே வண்டி மெதுவா நகரும்.”

“அப்ப இடது கால் என்ன மாமா பண்ணும்?”

“சம்பளத்தோட லீவுல இருக்கும்.”

ஊரில் அவருக்குக் கிடைத்தது டீசல் அம்பாசிடர். ஆலங்குடி கார் ஸ்டாண்டில் நிற்கிற வாடகைக் கார். வண்டி முதலாளியுடையது, உழைப்பு மாமாவுடையது. 1,489 சிசி எஞ்சினுக்கு 37 குதிரைத்திறன்தான். அந்த முப்பத்தேழு குதிரைகளை வைத்துக்கொண்டுதான் கல்யாண வீட்டுச் சனம் ஒன்பது பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்கும் பட்டுக்கோட்டைக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

ஹேண்ட் கியர் வண்டி அது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இடது கைப் பக்கம் கியர் கம்பி. தரையில் கியர் இல்லாததால் முன்னால் ஒரே நீள சீட்டு. டிரைவரோடு சேர்த்துத் தாராளமாக மூன்று பேர், நெருக்கி அடித்தால் நான்கு. மாமாவை ஒட்டினாற்போல் உட்காருகிற இடம் என்னுடையது. அவருடைய இடது முழங்கை ஏறுவதும் இறங்குவதும், ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் கிளட்சை மிதிப்பதும் எனக்கு அவ்வளவு பக்கத்தில் நடக்கும். முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. வண்டி முழுசாக நின்றால்தான் அது விழும், ஓட்டத்தில் போட்டால் பல்லோடு பல் கடித்துத் தெருவே திரும்பிப் பார்க்கும். இதுபோக இன்னொரு சீக்கும் உண்டு. சில நேரம் கம்பி நடுவில் எங்கேயோ சிக்கி, எந்தக் கியருக்கும் போகாமல் அப்படியே நின்றுவிடும். மாமா இறங்குவார், பானட்டைத் திறப்பார், ஸ்டீயரிங் பைப்பின் அடியில் இருக்கிற இரண்டு ராடுகளைக் கையால் ஆட்டி நேராக்குவார், மூடுவார், துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு ஏறுவார். சவாரிக்காரர்கள் கேட்டால், “நியூட்ரலைத் தேடிக்கிட்டு இருந்தேன். கிடைச்சிருச்சு” என்பார்.

இவ்வளவு மல்லுக்கட்டிலும் அவர் ஓட்டுகிற விதமே தனி. அத்தை வீட்டுக்கு மறுவீட்டு விருந்துக்குப் போனபோது அம்மாச்சி தூக்குவாளி நிறையச் சாம்பாரை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மூடி சரியாகப் பொருந்தாத தூக்குவாளி. பக்கத்தில் வெள்ளை வேட்டியில் தாத்தா. திருவரங்குளம் தாண்டி மாட்டுவண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, ஒதுங்கி, வேகமெடுத்து, மறுபடி ஊர்ந்து போனோம். நான் முன்சீட்டிலிருந்து திரும்பி, சாம்பார் எப்போது சிந்தும் என்று அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிந்தவே இல்லை. தாத்தா கொட்டாவி விட்டார். மாமா எஞ்சின் சத்தத்தைக் காதால் பிடித்து, சத்தம் சரியான இடத்துக்கு வந்ததும் கம்பியை நகர்த்திவிட்டுக் கிளட்சிலிருந்து காலைத் தண்ணீரிலிருந்து எடுப்பதுபோல் எடுப்பார். ஒரு கியர் போய் இன்னொரு கியர் வந்தது கண்ணால் பார்த்த எனக்குத்தான் தெரியும், பின்னால் யாருக்கும் தெரியாது.

இந்த வித்தையை அவர் லாரியில் கற்றிருந்தார். அந்தக் காலத்து லாரி கியர்பாக்ஸில் ‘டபுள் கிளட்ச்’ அடிக்காமல் கியர் விழாது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, விட்டு, ஆக்ஸிலேட்டரில் ஒரு தட்டுத் தட்டி எஞ்சின் சுற்றை ஏற்றி, மறுபடி மிதித்துக் கீழ்க் கியரைப் போட வேண்டும். இத்தனையும் ஒரு மூச்சுக்குள். அவருக்குக் கற்றுக்கொடுத்த லாரி டிரைவர் சொன்ன ஒரே பாடம், “கியர் மாத்துனது பின்னாடி படுத்துத் தூங்குற கிளீனருக்குத் தெரியக்கூடாது” என்பதுதானாம். அதைச் சொல்லிவிட்டு மாமா கேட்பார்: “நல்ல டிரைவர் கியர் மாத்துனது தெரியாம மாத்துறான். அதை வண்டியே பண்ணிட்டா எதுக்குய்யா கோவிச்சுக்கணும்?”

ஸ்டாண்டில் இந்தக் கேள்விக்கு மரியாதை இல்லை. கார் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடைதான் எங்கள் ஊர் டிரைவர்களின் சட்டசபை. மூத்த டிரைவர் ஒருவர் பீடியைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வார். “கிளட்ச் மிதிக்காம ஓட்டுறவனுக்கு எதுக்குடா காக்கிச் சட்டை?” இன்னொருவர், “அதெல்லாம் பொம்பளைங்க ஓட்டுற வண்டிப்பா” என்று முடித்துவைப்பார். ஊரில் கார் ஓட்டுகிற பெண் ஒருத்தியைக்கூட அவர் பார்த்ததில்லை. ஆனாலும் அவர்கள் ஓட்டினால் எந்த வண்டி ஓட்டுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மாமா மசியமாட்டார். எதிரே சைடு ஸ்டாண்டு போட்டு நிற்கிற டிவிஎஸ் 50-ஐக் காட்டுவார். வடகாடு, மாங்காடு பக்கமிருந்து பலாப்பழம் கட்டிக்கொண்டு வந்த வண்டி. முன்னால் இரண்டு, பின்னால் நாலு, நடுவில் ஓட்டுகிற ஆள் கழுத்து மட்டும் தெரியும். “இம்புட்டுப் பாரத்தையும் இழுத்துக்கிட்டு வருதே, இதுல கியர் எங்கண்ணே இருக்கு? கிளட்ச் லீவர் எங்க இருக்கு?” 1980-இலிருந்து சாலையில் இருக்கிற வண்டி அது. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் உள்ளே இருக்கிற கட்டைகள் விரிந்து டிரம்மைப் பிடித்துக்கொள்ளும், சுற்றுக் குறைந்தால் தானே விட்டுவிடும். கையும் காலும் வேண்டாத கிளட்ச். பெரியவர் வாதத்தில் சிக்கமாட்டார். “அது மொபெட்டுடா. நான் காரைச் சொல்றேன்” என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா எனக்கு அந்தப் பெரிய காரின் வயிற்றைத் திறந்து காட்டினார். கார் இல்லாமலே. வீட்டில் ஒரு டேபிள் ஃபேன் இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து இன்னொன்றை இரவல் வாங்கிவரச் சொன்னார். இரண்டையும் ஒரு முழ இடைவெளியில் எதிரெதிராகத் தரையில் வைத்தார். இரவல் ஃபேனுக்கு மின்சாரம் கொடுக்கவில்லை, அதன் முன்பக்கக் கம்பிவலையை மட்டும் கழற்றினார். எங்கள் ஃபேனைப் போட்டதும் அது ஊதிய காற்றில் எதிர் ஃபேன் தயங்கித் தயங்கி அசைந்தது. பிறகு சுற்ற ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் இறக்கைகள் தனித்தனியாகத் தெரியவில்லை.

“ரெண்டுக்கும் நடுவுல என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்ல மாமா.”

“காத்து இருக்குல்ல? காருக்குள்ள காத்துக்குப் பதிலா ஆயிலு. இந்த ஃபேன் எஞ்சின். அந்த ஃபேன் சக்கரத்துக்குப் போறது.” சொல்லிவிட்டு ஒரு விளக்குமாற்றுக் குச்சியை எதிர் ஃபேனின் இறக்கைக்கு நடுவே நீட்டினார். அது டக்கென்று நின்றது. எங்கள் ஃபேன் எதுவுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தது. “வண்டி பிரேக் பிடிச்சு நிக்குது. எஞ்சின் நின்னுச்சா? நிக்கல. கிளட்ச் எதுக்கு?” குச்சியை எடுத்தார். மறுபடி சுற்றியது.

ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1905-இல் கப்பல் எந்திரங்களுக்காகக் கண்டறிந்த முறை அது என்பதைக் கல்லூரி நூலகத்தில்தான் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் 1940 மாடல் கார்களில் ‘ஹைட்ரா-மேட்டிக்’ என்ற பெயரில் அதைக் கொண்டுவந்தது. விசை ஆயில் வழியாகப் போகும். வேகத்துக்குத் தக்கபடி ஆயிலின் அழுத்தமே கியர்களையும் மாற்றும். கிளட்ச் மிதி இல்லாமலே விற்ற அந்த வண்டியின் கியர்பாக்ஸை இரண்டாம் உலகப்போரில் டாங்கிகளிலும் வைத்தார்கள். பத்தாம் வகுப்பைத் தாண்டாத மாமா அதை இரண்டு ஃபேனிலும் ஒரு விளக்குமாற்றுக் குச்சியிலும் முடித்துவிட்டிருந்தார்.

அவரை மடக்கக்கூடியவர் ஒருவர்தான், மெக்கானிக். பட்டறையில் ஒருநாள் அம்பாசிடரின் கியர்பாக்ஸை இறக்கிச் சாக்கில் பரப்பி வைத்திருந்தார்கள். டீசலில் கழுவிய பல்சக்கரங்கள் வெயிலில் மின்னின. மெக்கானிக் ஒவ்வொன்றாக விரலால் தடவி, “பாருங்க, ரெண்டாவது பல்லு தேஞ்சிருக்கு” என்று காட்டினார். பிறகு மாமாவிடம் திரும்பி, “இதுல என்ன கெட்டுச்சுன்னு கண்ணு பார்க்கும், கை பிடிக்கும். நீங்க சொல்ற ஆயில் பொட்டி மக்கர் பண்ணுனா புதுக்கோட்டையில யாருகிட்ட போவீங்க? திருச்சியிலயும் ஆள் கிடையாது. பேட்டரி எறங்கிப்போச்சுன்னா தள்ளிவிட்டு ஸ்டார்ட் பண்ண முடியுமா?” என்றார். மாமா கொஞ்சநேரம் பேசவில்லை. “முடியாதுதான்” என்று ஒத்துக்கொண்டார். தள்ளி ஸ்டார்ட் செய்வது எங்கள் ஊரில் பாதி வண்டிகளுக்குத் தினசரிக் காலைப் பூஜை. அந்த ஒரு கேள்விக்கு அவரிடம் கடைசிவரை பதில் இல்லை. அந்த ஊருக்கு அந்தக் காலத்தில் கியர் வண்டிதான் சரி என்பதும் அவருக்குத் தெரியும்.

ஆனால் பங்குனியில் நார்த்தாமலைக்குப் போய்வந்த ராத்திரி நான் மாமா கட்சிக்கு நிரந்தரமாகப் போய்விட்டேன். முத்துமாரியம்மன் திருவிழாக் கூட்டம். காவடி, பால்குடம், பொரிகடலைக் கடை, கரும்பு வண்டி, மாட்டுவண்டி. ரோடு என்று ஒன்று இருந்ததே தெரியவில்லை. அதற்குள் அம்பாசிடர் ஒரு முழம் நகரும், நிற்கும், அரை முழம் நகரும். மாமாவின் இடது கால் கிளட்சைப் பாதி மிதித்தபடியே மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தது. ஹாஃப் கிளட்ச். கொஞ்ச நேரத்தில் முடி கருகுவதுபோல் ஒரு நாற்றம். கிளட்ச் பிளேட் காய்கிறது. எஞ்சின் சூடு காலடித் தகரம் வழியாக ஏறியது. மாமாவின் தொடை வெடவெடவென்று நடுங்குவது ஒட்டி உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது. பின்னால் ஆறு பேர் மாவிளக்கு, முடி இறக்குவது பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். அவர் கண் ரோட்டில் இருந்தது, பாதி மனசு காலில் இருந்தது. திடீரென்று குறுக்கே ஒரு குழந்தை ஓட, பிரேக் அடித்து நிறுத்தினார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓரமாக நிறுத்தித் தண்ணீர் குடித்தபடி சொன்னார்: “டிரைவருக்குக் கண்ணும் பிரேக்கும்தான் வேலை மாப்ளே. மத்ததெல்லாம் கூலி வேலை. அதைக் கொடுத்துட்டு இதைக் கெட்டியாப் பிடிச்சுக்கணும்.”

அந்தச் சமயத்தில்தான் அம்மா சைக்கிள் கற்றுக்கொண்டாள். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க அறிவொளி இயக்கம் நடந்தது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்துப் படிக்க வந்த பெண்களைச் சைக்கிளிலும் ஏற்றிவிட்டார். கல்குவாரியில் வேலை பார்த்த பெண்கள், வயல் வேலை செய்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கில் கிளம்பினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல், பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே புடவையைச் செருகிக்கொண்டு ஓட்டினார்கள். அம்மா அறிவொளித் தொண்டர். சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவேன். டீக்கடையில் இதற்கும் தீர்ப்பு இருந்தது. அம்மா அதைக் காதில் வாங்காமல் மணி அடித்துக்கொண்டே கடந்து போவாள். சில வருஷத்தில் சைக்கிள் போய் டிவிஎஸ் வந்தது, அது போய் ஸ்கூட்டி வந்தது. கியர் இல்லாத இரண்டு சக்கரம் எங்கள் மாவட்டத்துப் பெண்களை எங்கெங்கோ கொண்டுபோனது. பால் ஊற்ற, பூக்கட்டுகளைக் கீரமங்கலம் சந்தைக்குக் கொண்டுபோக, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட. காருக்கு மட்டும் அவர்கள் பின்சீட்டில்தான் இருந்தார்கள்.

பின்னாளில் கார்ப் பைத்தியம் பிடித்த நண்பர்கள் நிறையப் பேர் எனக்கு வாய்த்தார்கள். பாதிப் பேர் அந்த மூத்த டிரைவரின் வாரிசுகள். கியர் மாற்றுவதில்தான் ஓட்டுகிற சுகமே இருக்கிறது, ஆட்டோமேட்டிக் என்பது சோம்பேறிகளின் வண்டி என்பார்கள். அந்தச் சுகம் பொய்யில்லை. மாமாவின் முழங்கையை ஒட்டி உட்கார்ந்தவனுக்கு அது தெரியாதா? ஆனால் பந்தயக்காரர்களே அந்தக் கம்பியை விட்டுவிட்டார்கள் என்பதை நான் அவர்களுக்கு எடுத்துச் சொல்வேன். 1989-இல் ஃபெராரி தன் ஃபார்முலா ஒன் காரில் கிளட்சை மிதிக்காமல் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டிக் கியர் மாற்றுகிற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பிரேசிலில் ஓடிய முதல் பந்தயத்திலேயே நைஜல் மான்செல் அதில் ஜெயித்தார். கொஞ்ச வருஷத்தில் மற்ற அணிகளும் அதற்கே மாறின. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டன் அணிக்காக ஓட்டியதும் அப்படிப்பட்ட வண்டியைத்தான். கியரை எப்போது மாற்றுவது என்பது இன்றும் ஓட்டுகிறவர் கையில்தான். மிதித்து இழுத்துப் போடுகிற பாட்டை மட்டும் எந்திரம் எடுத்துக்கொண்டது. இரண்டு கையும் ஸ்டீயரிங்கை விடவேண்டாம், இழுவை நடுவில் அறுபடாது, வளைவில் புத்தி வளைவிலேயே இருக்கும். இப்போது இரண்டு கிளட்ச் வைத்த கியர்பாக்ஸ்கள் சாதாரணக் கார்களிலேயே வந்துவிட்டன. ஒரு கியர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது தயாராகக் காத்திருக்கும். எந்த மனிதக் காலும் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது. ஓட்டத் தெரியாதவர்களுக்கு அது சௌகரியம். ஓட்டுவதில் பித்துப் பிடித்தவர்களுக்கோ அது லாரி டிரைவரின் பாடம் கைகூடிய இடம். கிளீனர் தூங்குகிறான், கியர் மாறிக்கொண்டே இருக்கிறது.

2014-இல் மாருதி செலெரியோ வந்தபோது, சின்னக் காரில் ஆட்டோமேட்டிக் என்று ஊரெல்லாம் பேச்சு. கொஞ்ச காலம் கழித்து நானும் ஒன்று வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். மாமாவுக்கு அப்போது முழங்கால் வலி. வலிக்கிற கால் எது என்று சொல்லவேண்டியதில்லை. ஆசையாக ஏறி உட்கார்ந்து ஆலங்குடி ரோட்டில் ஒரு நடை ஓட்டிப் பார்த்தார். கியர் மாறும்போது வண்டி லேசாக மூக்கை ஆட்டியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முகம் சுளித்தார்.

“இது ஆட்டோமேட்டிக் இல்ல மாப்ளே. அதே பழைய கியர்பாக்ஸ், அதே கிளட்ச் பிளேட். உள்ள ஒருத்தன் கண்ணுக்குத் தெரியாம உக்காந்துக்கிட்டு மிதிச்சு மிதிச்சு மாத்துறான். லைசென்ஸ் இப்பத்தான் எடுத்திருக்கான்போல.”

அவர் சொன்னது அப்படியே சரி. ஏஎம்டி என்ற அந்த ஏற்பாட்டில் ஃபோட்டிங்கரின் ஆயில் ஃபேன்கள் கிடையாது. சாதாரணக் கியர்பாக்ஸையே ஒரு கருவி இயக்கும். விலை குறைவாகக் கொடுக்க முடிந்ததே அதனால்தான். அதிலும் ஒரு வழி கண்டுபிடித்தார். கியர் மாறப்போகிற நேரம் பார்த்து ஆக்ஸிலேட்டரை ஒரு நூல் விட்டுக்கொடுத்தார். ஆட்டம் நின்றது. “பையனுக்குச் சொல்லிக்கொடுத்தா பிடிச்சுக்குவான்” என்றார். நாற்பது வருஷம் வண்டி ஓட்டிய காது, கிளட்ச் போனபின்னும் சும்மா இருக்கவில்லை.

இறங்கும்போது அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபதை நெருங்கிய வயது. “நான் ஓட்டலாமாடா இதை?” என்றாள் தம்பியிடம். மாமா ஒரு நிமிஷம் யோசித்தார். சைக்கிள் கற்ற அதே பள்ளிக்கூட மைதானம். எல்-போர்டு ஒட்டி, அம்மாவை ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்காரவைத்து, தான் பக்கத்து சீட்டில் ஹேண்ட் பிரேக்கில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பின்சீட்டில்.

“அக்கா, இடது காலை ஓரமா வச்சுக்க. அதுக்கு இங்க சோலியே இல்ல. வலது கால்தான். பிரேக்கை மிதி. இப்ப இந்தக் கம்பியை டி-க்குத் தள்ளு. மெதுவா பிரேக்கை விடு.”

வண்டி நகர்ந்தது. மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, கோல் போஸ்டுக்கு ஒரு கஜம் முன்னால் நிறுத்தினாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள்.

“இந்த ஒத்தக் காலை வச்சுத்தானாடா இத்தனை வருஷமும் எங்களையெல்லாம் பின்சீட்டுல உக்கார வச்சிருந்தீங்க?”